ஒரு விசுவாசக் கோட்பாடு வளர்ந்த கதையைத் தேடிப் படிப்பது எப்படி?

முதலில் எதிர்த்தவரைப் பிடியுங்கள். ஆதரித்தவர்கள் எல்லாரும் ஏறக்குறைய ஒன்றையேதான் சொல்வார்கள், சிக்கல் எங்கே இருந்தது என்பது எதிர்த்தவருக்குத்தான் தெரியும்.

அமல உற்பவத்தையே எடுத்துக்கொள்வோம். இது இயேசு கன்னியிடம் பிறந்ததைப் பற்றியது என்று பலரும் நினைக்கிறார்கள், அது இல்லை. மரியாள் தன் தாயின் வயிற்றில் கருவான கணத்திலேயே ஜென்மப் பாவம் (ஆதாமின் வழியாக எல்லா மனிதருக்கும் பிறப்பிலேயே வரும் பாவம்) தீண்டாமல் இருந்தார் என்பதுதான் விஷயம். 1854 டிசம்பர் 8 அன்று பாப்பரசர் ஒன்பதாம் பயஸ் இதை விசுவாச சத்தியமாக அறிவித்தார். அந்தத் தேதியை நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிவிட்டுப் பின்னோக்கிப் போங்கள்.

கோட்பாட்டைத் தேடுமுன் திருநாளைத் தேடுங்கள். மரியாள் கருவானதைக் கொண்டாடும் இந்தத் திருநாள், நார்மானியர் படையெடுத்த 1066க்கு முன்பே இங்கிலாந்தில் இருந்தது. 1140 வாக்கில் பிரான்சின் லியோன் நகரத்துக் குருக்கள் அதைக் கொண்டாட ஆரம்பித்ததும், மாதா பக்திக்குப் பேர்போன துறவி, கிளேர்வோ மடத்துப் பெர்நார்தே கண்டித்துக் கடிதம் எழுதினார். ஆக, ஜெபம் முந்திக்கொண்டது, வாதம் பின்னால் வந்தது.

அடுத்து, 13ஆம் நூற்றாண்டு இறையியலாளர் தோமா அக்குவினாரின் ‘சும்மா தியோலஜியே’ (Summa Theologiae) என்ற நூல், மூன்றாம் பாகம், 27ஆம் கேள்வி. இங்கே கொஞ்சம் கவனம் வேண்டும், ஏனென்றால் ஒவ்வொரு பிரிவிலும் முதலில் வருவது அவர் மறுக்கப்போகிற வாதங்கள். அவருடைய சொந்தப் பதில் ‘நான் பதில் சொல்கிறேன்’ என்ற இடத்தில்தான் தொடங்கும். நானே ஒருமுறை முதல் பத்தியை ‘தோமா சொல்கிறார்’ என்று மேற்கோள் காட்டி அசடு வழிந்திருக்கிறேன். இன்னொன்று, அவர் காலத்தில் கரு உருவாகிச் சில வாரம் கழித்துத்தான் ஆன்மா வருகிறது என்று நம்பினார்கள், அதனால் ‘கருவாதல்’ என்ற சொல்லுக்கு நம் அர்த்தத்தைப் போட்டுப் படிக்காதீர்கள்.

சரி, தோமாவின் தடை என்ன? மரியாளுக்குப் பாவமே இல்லையென்றால் அவருக்கு மீட்பர் தேவையில்லை, அப்புறம் கிறிஸ்து எல்லாருக்கும் மீட்பர் என்று எப்படிச் சொல்வது? நியாயமான கேள்வி. 1308இல் இறந்த பிரான்சிஸ்கன் துறவி டன்ஸ் ஸ்காட்டஸ் இதற்குத்தான் பதில் கண்டுபிடித்தார்: விழுந்தவரைத் தூக்கிவிடுவதைவிட விழாமலே தாங்கிப் பிடிப்பது பெரிய மீட்பு. தோமாவின் கேள்வியைப் படிக்காமல் இந்தப் பதிலை மட்டும் படித்தால் ஏதோ சாமர்த்தியமான பேச்சு மாதிரிதான் தெரியும்.

‘சங்கம் சொல்லிவிட்டது’ என்று யாராவது 1439ஆம் ஆண்டு பாசல் நகரில் கூடிய திருச்சபைப் பொதுச் சங்கத்தைக் காட்டினால் ஏமாறாதீர்கள். அப்போது அந்தச் சங்கம் பாப்பரசரோடு முறித்துக்கொண்டிருந்தது, அதன் தீர்மானம் செல்லவில்லை.

1483இல் பாப்பரசர் நான்காம் சிக்ஸ்துஸ் போட்ட ஆணையைக் கட்டாயம் குறித்துக்கொள்ளுங்கள். எந்தப் பக்கமும் மறுபக்கத்தைப் பதிதர் (விசுவாசத்திலிருந்து விலகியவர்) என்று அழைக்கக் கூடாது என்றார். அங்கிருந்து 1854 வரை 371 வருடம். நோட்டில் அதிகப் பக்கங்களைக் காலியாக விடவேண்டியது அந்த இடைவெளிக்குத்தான்.