லாங்வுட் தோட்டத்துக்குப் போனால் முதலில் மரங்களைப் பாருங்கள்

அம்மா அமெரிக்கா வரும்போதெல்லாம் லாங்வுட் தோட்டத்துக்குக் கூட்டிப்போவது எங்கள் வழக்கம். பென்சில்வேனியாவில், கென்னட் ஸ்குவேர் ஊரை ஒட்டி இருக்கிறது. பரப்பு 1,000 ஏக்கருக்கு மேல். ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்த்துவிட நினைத்தால் கால்வலிதான் மிஞ்சும்.

நுழைவுச்சீட்டை இணையத்தில் முன்பே எடுத்துவிடுங்கள். உள்ளே போகும் நேரத்தையும் அப்போதே தேர்ந்தெடுக்க வேண்டும். வருடத்தில் பெரும்பாலான மாதங்கள் செவ்வாய்க்கிழமை விடுமுறை என்பதால், தேதியைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

உள்ளே நுழைந்ததும் கூட்டம், செடிகள் வளர்க்கும் கண்ணாடி மாளிகைக்குப் போகும். அது எங்கேயும் போய்விடாது. வரைபடத்தில் பியர்ஸ் பூங்கா எங்கே என்று பார்த்து அங்கே போங்கள். இந்தத் தோட்டமே அங்கிருக்கும் மரங்களால்தான் உருவானது. பியர்ஸ் குடும்பத்தின் இரட்டையர்கள் ஜோஷுவாவும் சாமுவேலும் 1798-இல் தங்கள் பண்ணையில் மரங்களைச் சேர்த்து நட ஆரம்பித்தார்கள். 1906-இல் அவற்றை அறுத்துப் பலகையாக்கும் நிலை வந்தது. அதைத் தடுக்கத்தான் தொழிலதிபர் பியர் டு பான்ட் இடத்தையே வாங்கினார். அப்போது அவருக்கு வயது 36. நீரூற்று, கண்ணாடி மாளிகை எல்லாம் அதற்குப் பிறகு வந்தவை.

அங்கே ஒரு மரத்தடியிலாவது பத்து நிமிடம் நில்லுங்கள். துலிப் மரத்தின் பட்டையில் விரல் பதியும் அளவுக்கு நெடுக வரிவரியாகப் பள்ளம் ஓடும். அம்மா அதில் உள்ளங்கையை வைத்து, "எத்தனை தலைமுறையைப் பார்த்திருக்கும்டா இது" என்றார். ஜிங்கோ மரத்து இலை ஒன்று கீழே கிடந்தால் எடுத்துப் பாருங்கள். சின்ன விசிறி மாதிரி இருக்கும், பெரும்பாலும் நடுவில் ஒரு வெட்டு. பக்கத்திலேயே பியர்ஸ் குடும்பம் 1730-இல் கட்டிய செங்கல் வீடு இருக்கிறது. அதையும் பார்த்துவிடலாம்.

அப்புறம் சாப்பிட்டுவிட்டு, வெயில் ஏறும் நேரத்தில் 1921-இல் திறந்த கண்ணாடி மாளிகைக்குப் போங்கள். உள்ளே 10,010 குழல்கள் கொண்ட ஆர்கன் என்ற பெரிய இசைக்கருவி இருக்கிறது.

கோடையில் போனால், இரவு நீரூற்று நிகழ்ச்சி இருக்கும் நாளாகப் பார்த்துப் போவது நல்லது. காரணம் நீரூற்று மட்டுமில்லை. அன்று தோட்டம் இருட்டிய பிறகும் திறந்திருக்கும். விக்டோரியா அல்லி சாயங்காலத்தில்தான் மலரும்: முதல் நாள் வெள்ளை, மறுநாள் இளஞ்சிவப்பு. ஓரம் மடித்த தாம்பாளம் போல இலைகள் தண்ணீரில் கிடக்கும். அதைப் பார்த்துவிட்டு நீரூற்றுப் பக்கம் வாருங்கள். தண்ணீர் 175 அடி வரை எழும்பும். காற்று உங்கள் பக்கம் வீசினால் சாரல் அடிக்கும், அதனால் பெரியவர்களுக்கு ஒரு சால்வை எடுத்துக்கொள்ளுங்கள். ஜூலை மாதத்திலேயே அம்மா கேட்டு வாங்கிப் போர்த்திக்கொண்டார்.