மூட்டையைப் பிரித்தால் கியூஆர் எண்ணையும் பிரியுங்கள்

கடையில் சரக்கு மூட்டையைப் பிரித்துச் சின்ன பாக்கெட்டுகளாகக் கட்டும்போது, மூட்டையில் ஒட்டிய கியூஆர் கோடையே நகலெடுத்து அவற்றில் ஒட்டாதீர்கள். மூட்டை எண் 412 என்றால், அதிலிருந்து கட்டும் பாக்கெட்டுகளுக்கு 412-01, 412-02 என்று வால் எண் போட்டுப் புதுக் கியூஆர் கோடு அச்சிடுங்கள். பிரித்த கையோடு இருப்புக் கணக்கில் 412-ஐ மூடிவிடுங்கள். இல்லாவிட்டால் அதே சரக்கு மூட்டையாகவும் பாக்கெட்டாகவும் இரண்டு இடத்தில் நிற்கும்.

எல்லாவற்றுக்கும் ஒரே கோடு என்றால், அரைக்கிலோ துவரம்பருப்புக்குப் பில் போடும்போது 50 கிலோ மூட்டையே கழிந்துவிடும். வால் எண் இருந்தால் அந்தத் தொல்லை இல்லை. அப்புறம், வண்டு விழுந்திருக்கிறது என்று ஒரு பாக்கெட் திரும்பி வந்தால், அதே மூட்டையின் மற்ற பாக்கெட்டுகளை உடனே தேடி எடுத்துவிடலாம். கோடுக்குள் எண் மட்டும் போதும். விலையையும் உள்ளே வைத்தால், விலை மாறும் நாளில் ஸ்டிக்கரையெல்லாம் கிழிக்க வேண்டும். சிந்தல், தூசி போக, 100 வர வேண்டிய மூட்டையில் 99 பாக்கெட்தான் வந்ததா? 99 கோடு மட்டும் அச்சிட்டு, மீதியைச் சேதாரத்தில் எழுதுங்கள்.

தராசில் நிறுத்துச் சில்லறையாக விற்கும் சரக்குக்கு இது வேண்டாம். எடையைக் கழித்தாலே சரி. சோப்புப் பெட்டி மாதிரி, உள்ளே ஒவ்வொன்றிலும் கம்பெனி பார்கோடு இருந்தால் அதையே ஸ்கேன் செய்யலாம்.