அடிக்கடி நெஞ்செரிச்சலா? எங்கிருந்து தொடங்குவது?

மூன்று தலையணைகளை அடுக்கி, அவற்றின் மேல் அரைகுறையாகச் சாய்ந்து தூங்கிய காலம் எனக்கு உண்டு. தலை உயரத்தில் இருந்தால் புளிப்பு மேலே ஏறாது என்பது என் கணக்கு. காலையில் கழுத்து வலித்ததுதான் மிச்சம், எரிச்சல் இருந்த இடத்திலேயே இருந்தது. அந்தக் கணக்கு எங்கே தப்பியது என்று தெரிந்த பிறகுதான் இந்தத் தொல்லையின் சூட்சுமம் எனக்குப் பிடிபட்டது. நான் மருத்துவம் படித்தவன் இல்லை. பட்டும் படித்தும் மருத்துவரிடம் கேட்டும் தெரிந்துகொண்டதை, முதன்முறை தேடி வருபவருக்குப் புரியும் வரிசையில் எழுதுகிறேன்.

வயிறு முட்டச் சாப்பிட்டு ஒரு நாள் எரிந்தால் அது அந்த நாளோடு போகிற விஷயம். வாரத்துக்கு இரண்டு முறையோ அதற்கு மேலோ வந்தால்தான் அதை 'அடிக்கடி' என்று கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள். இந்தப் பதிவு அப்படி அடிக்கடி எரிச்சல் வருபவர்களுக்கு.

முதலில்: இது நெஞ்செரிச்சல்தானா?

நெஞ்செரிச்சல் பெரும்பாலும் மார்பெலும்புக்குப் பின்னால் தொடங்கித் தொண்டையை நோக்கி ஏறும். சாப்பிட்ட பின் வரும். குனிந்தாலோ படுத்தாலோ கூடும். கூடவே புளியேப்பமோ வாயில் கசப்போ இருக்கும்.

மார்பின் மேல் பாரம் வைத்தாற்போன்ற அழுத்தம், கை, தோள், தாடை, முதுகு என்று பரவும் வலி, வியர்வை, மூச்சுத்திணறல், நடந்தால் கூடி நின்றால் தணியும் வலி: இவற்றில் ஒன்று இருந்தாலும் இதைப் படித்துக்கொண்டிருக்காமல் அவசர சிகிச்சைக்குப் போங்கள். 'வாயுவாக இருக்கும்' என்று சொல்லிக்கொண்டு விடியும்வரை காத்திருப்பது மிகவும் ஆபத்தானது. மாரடைப்பும் நெஞ்செரிச்சலும் ஒன்றைப்போல் மற்றொன்று தோன்றும். வலியை மட்டும் வைத்து மருத்துவர்களே பிரித்துச் சொல்ல மாட்டார்கள், ஈசிஜி எடுத்துப் பார்ப்பார்கள்.

இன்னொரு வகை எச்சரிக்கைகளும் உண்டு. விழுங்கும் உணவு பாதியில் நிற்பது, விழுங்கும்போது வலிப்பது, காரணமில்லாமல் எடை குறைவது, ரத்த வாந்தி அல்லது காப்பித்தூள் போன்ற வாந்தி, தார் நிறத்தில் மலம், ரத்தசோகை ஆகியவை. இவை இருந்தால் கீழே வரும் படிகளைச் செய்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். நேராக மருத்துவரிடம் போங்கள்.

படி 1: கதவைத் தெரிந்துகொள்ளுங்கள்

வாயையும் இரைப்பையையும் இணைக்கும் உணவுக்குழாய் பெரியவர்களுக்கு ஏறத்தாழ 25 சென்டிமீட்டர் நீளம். அது இரைப்பையோடு சேரும் இடத்தில் வளையம் போன்ற ஒரு சுருக்குத் தசை இருக்கிறது. நான் கதவு என்பது இதைத்தான். விழுங்கும்போது திறக்கும், பிறகு மூடிக்கொள்ளும். மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானமும் அந்த இடத்தைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு துணை நிற்கும். இரைப்பையில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். 1824இல் வில்லியம் ப்ரௌட் என்ற ஆங்கிலேய மருத்துவர் இதைக் கண்டறிந்து சொன்னார். அந்த அமிலத்தைத் தாங்கிக்கொள்ள இரைப்பையின் உட்சுவரில் கெட்டியான சளிப்படலம் உண்டு, உணவுக்குழாய்க்கு அப்படியொரு கவசம் கிடையாது.

நெஞ்செரிச்சல் என்றதும் 'அமிலம் அதிகமாகச் சுரக்கிறது' என்பார்கள். பலருக்கு அப்படி இல்லை. சுரப்பது வழக்கமான அளவுதான், கதவுதான் நேரங்கெட்ட நேரத்தில் திறக்கிறது. ஆகவே கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. கதவு ஏன் திறக்கிறது? உள்ளிருந்து எது தள்ளுகிறது? மேலே ஏறியது எவ்வளவு நேரம் அங்கே தங்குகிறது? இனி நீங்கள் செய்யும் எதுவும் இவற்றில் ஒன்றுக்கான பதிலாக இருக்க வேண்டும். இல்லையென்றால் அது வீண் வேலை.

படி 2: ஒரு வாரம் எழுதுங்கள்

எதையும் மாற்றாமல், ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்து வாருங்கள்: எத்தனை மணிக்குச் சாப்பிட்டீர்கள், எவ்வளவு, எத்தனை மணிக்குப் படுத்தீர்கள், எரிச்சல் எப்போது வந்தது, அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள். என்ன சாப்பிட்டோம் என்பதை எல்லோரும் எழுதிவிடுகிறார்கள். நேரத்தையும் அளவையும்தான் விட்டுவிடுகிறார்கள். என் குறிப்புகளில் நான் குற்றவாளியாக நினைத்திருந்த காப்பி ஒருமுறைகூட அகப்படவில்லை. இரவு பத்தரை மணிச் சாப்பாடு ஐந்து முறை அகப்பட்டது.

படி 3: இரவைச் சரிசெய்யுங்கள்

எதையாவது ஒன்றை மட்டும்தான் செய்வேன் என்று அடம்பிடிப்பவருக்கு நான் இந்தப் படியைத்தான் சொல்வேன். பகலில் அமிலம் ஏறினாலும் புவியீர்ப்பு அதைக் கீழே இழுத்துவிடும். மிச்சமிருப்பதை உமிழ்நீர் கழுவிவிடும். உமிழ்நீரில் காரத்தன்மை கொண்ட பைகார்பனேட் இருப்பதால் அமிலத்தின் கடுமையும் குறையும். தூக்கத்தில் இந்த உதவிகள் எல்லாம் ஓய்ந்துவிடுகின்றன. உமிழ்நீர் குறைகிறது, விழுங்குவதும் குறைகிறது, படுத்திருப்பதால் இறங்கிப்போகச் சரிவும் இல்லை. ஏறிய அமிலம் நெடுநேரம் அங்கேயே கிடந்து சுடும்.

சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் இடையே மூன்று மணி நேரம் விடுங்கள். வேலை முடிந்து தாமதமாக வருபவர்களுக்கு இது எளிதல்ல என்று தெரியும். அவர்கள் முக்கிய உணவை மாலையிலேயே முடித்துக்கொண்டு, இரவில் கொஞ்சமாக எதையாவது சாப்பிடலாம்.

அடுத்தது கட்டில். தலைமாட்டுப் பக்கத்து இரண்டு கால்களுக்கு அடியில் அசையாத மரக்கட்டைகளை வைத்து 15 முதல் 20 சென்டிமீட்டர் உயர்த்துங்கள். தலையணைகள் தோற்றது ஏன் என்பது இங்கே விளங்கும். தலையணையை அடுக்கினால் தலையும் கழுத்தும் மட்டும் உயர்கின்றன. உடல் இடுப்பில் மடிகிறது, வயிறு நசுங்கி, உள்ளிருப்பதை இன்னும் மேலே தள்ளுகிறது. உயர வேண்டியது தலை மட்டும் அன்று, இடுப்புக்கு மேல் உள்ள உடல் முழுவதும். கட்டிலை உயர்த்த முடியாவிட்டால், இடுப்பிலிருந்து தலைவரை சரிவாகத் தாங்கும் ஆப்பு வடிவ மெத்தையைப் பயன்படுத்தலாம். முதல் சில இரவுகள் கால்மாட்டுக்குச் சறுக்கிக்கொண்டே இருப்பீர்கள். பழகிவிடும்.

இடது பக்கம் ஒருக்களித்துப் படுங்கள். இரைப்பை உடலின் நடுவிலிருந்து இடப்பக்கமாகப் புடைத்திருக்கும் பை. இடது பக்கம் படுத்தால் அமிலம் அந்தப் பையின் அடியில் தேங்கும், கதவு அதற்கு மேலே நிற்கும். வலது பக்கம் படுத்தால் நிலைமை தலைகீழ். செலவில்லாத வைத்தியம் இது.

படி 4: வயிற்றின் மேல் உள்ள அழுத்தத்தைக் குறையுங்கள்

இரைப்பை உப்பினால் கதவு தளர்ந்து திறக்கும். ஒரே வேளையில் நிறையச் சாப்பிடுவதைப் பிரித்துச் சிறு சிறு வேளைகளாக்குங்கள். சோடா வகை பானங்கள் வாயுவால் வயிற்றை உப்ப வைக்கும். இடுப்பில் இறுகும் உடையைத் தளர்த்துங்கள். சாப்பிட்ட கையோடு குனிந்து வேலை செய்யாதீர்கள், கடும் உடற்பயிற்சியும் வேண்டாம்.

எடை அதிகமிருந்தால், அதைக் குறைப்பது மாத்திரை அல்லாத வழிகளில் மிகவும் பலனளிப்பவற்றுள் ஒன்று. வயிற்றுக் கொழுப்பு இரவும் பகலும் இரைப்பையை அழுத்திக்கொண்டே இருக்கும். புகைப்பழக்கம் இரண்டு வழிகளில் கெடுக்கிறது: சுருக்குத் தசையைத் தளர்த்துகிறது, உமிழ்நீரையும் குறைக்கிறது.

படி 5: உணவுப் பட்டியலுக்குப் பயப்படாதீர்கள்

கொழுப்பு மிகுந்த உணவு, வறுவல், சாக்லேட், காப்பி, மது, தக்காளி, எலுமிச்சை வகைப் பழங்கள், வெங்காயம், காரம் என்று விலக்க வேண்டியவற்றின் பட்டியல் எங்கும் கிடைக்கும். அத்தனையையும் ஒரே நாளில் நிறுத்தினால், பத்து நாளில் சலித்துப்போய் எல்லாவற்றுக்கும் திரும்பிவிடுவீர்கள். எதனால் குறைந்தது என்பதும் தெரியாது. உங்கள் குறிப்பில் திரும்பத் திரும்ப வரும் ஒன்றை மட்டும் இரண்டு வாரம் விலக்கிப் பாருங்கள். வித்தியாசமில்லை என்றால் தயங்காமல் மறுபடியும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டு விஷயங்களில் எனக்கு வழக்கமான நம்பிக்கையோடு உடன்பாடில்லை. பால் குடித்தால் அந்த நேரத்துக்கு இதமாக இருக்கும், ஆனால் அதன் புரதமும் கால்சியமும் மீண்டும் அமிலச் சுரப்பைத் தூண்டும். புதினா வயிற்றுக்கு நல்லது என்பார்கள். அது சுருக்குத் தசையைத் தளர்த்தக்கூடியது. சாப்பிட்ட பின் வாயில் எதையாவது போடத் தோன்றினால் சர்க்கரை சேர்க்காத, புதினா வாசனை இல்லாத சூயிங்கத்தை அரை மணி நேரம் மெல்லுங்கள். உமிழ்நீர் பெருகும்.

படி 6: மாத்திரையை அதன் நேரமறிந்து பயன்படுத்துங்கள்

கடையில் கேட்டவுடன் கிடைக்கும் மருந்துகள் எல்லாம் ஒன்றல்ல.

ஆன்டாசிட் வகை, ஏற்கெனவே இருக்கும் அமிலத்தை முறிக்கும். சில நிமிடங்களில் கேட்கும், விரைவில் அடங்கியும் விடும். மெக்னீசியம் சேர்ந்தவை வயிற்றுப்போக்கையும், அலுமினியம் சேர்ந்தவை மலச்சிக்கலையும் தரலாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இவற்றைத் தொட வேண்டாம். தைராய்டு மாத்திரையும் சில ஆன்டிபயாட்டிக்குகளும் உடலில் சேர்வதை இவை தடுக்கும் என்பதால் சில மணி நேர இடைவெளி வேண்டும். கடற்பாசியிலிருந்து எடுக்கும் ஆல்ஜினேட் கலந்த திரவங்கள், இரைப்பையில் உள்ளதன் மேல் நுரைப் படலமாக மிதந்து கதவை அடைக்கும். ஆகவே அவற்றைச் சாப்பாட்டுக்குப் பிறகு குடிக்க வேண்டும்.

ஃபாமோடிடின் போன்ற ஹெச்2 தடுப்பான்கள், அதாவது அமிலம் சுரக்கத் தூண்டும் சமிக்ஞையைத் தடுப்பவை, வேலை செய்ய ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகும், ஆனால் பல மணி நேரம் நிற்கும். தினமும் எடுத்தால் உடல் பழகிக்கொண்டு பலன் குறையும்.

ஒமெப்ரசோல், பான்டொப்ரசோல் போன்றவை மூன்றாவது வகை. ஹெச்2 தடுப்பான்களுக்கு வழி காட்டிய ஜேம்ஸ் பிளாக் நோபல் பரிசு பெற்றது 1988இல். அவற்றைவிட வலுவான ஒமெப்ரசோல் விற்பனைக்கு வந்ததும் அதே ஆண்டில்தான். இந்த வகை, அமிலத்தைச் சுரக்கும் நுண்ணிய பம்புகளையே நிறுத்துகிறது. இயங்கும் பம்பைத்தான் இதனால் நிறுத்த முடியும், பம்புகள் விழித்துக்கொள்வதோ உணவு உள்ளே போகும்போது. எனவே சாப்பாட்டுக்கு 30 முதல் 60 நிமிடம் முன்பு எடுத்தால்தான் முழுப் பலன். எரிச்சல் வந்த பிறகு அவசரத்துக்கு ஒன்றை விழுங்குவது தவறான பயன்பாடு. முழு விளைவு தெரிய ஒன்று முதல் நான்கு நாள் ஆகலாம்.

மருத்துவர் சொல்லாமல் 14 நாளுக்கு மேல் தொடராதீர்கள். நெடுநாள் எடுத்துவிட்டுத் திடீரென நிறுத்தினால், அடக்கி வைத்திருந்த சுரப்பு சில காலம் முன்பைவிட அதிகமாகும். 'பார்த்தாயா, மாத்திரை இல்லாமல் முடியாது' என்று பலர் மறுபடியும் தொடங்குவது இந்த இடத்தில்தான். மருத்துவர் படிப்படியாகக் குறைத்துத் தருவார். கர்ப்பிணிகளுக்கு ஹார்மோன் மாற்றத்தாலும் வளரும் கருப்பையாலும் நெஞ்செரிச்சல் சாதாரணம் என்றாலும், எந்த மாத்திரையும் கேட்டுத்தான் எடுக்க வேண்டும்.

படி 7: மற்ற மருந்துகளையும் பாருங்கள்

ஐபுப்ரோஃபென், ஆஸ்பிரின் போன்ற வலி மாத்திரைகள், ரத்த அழுத்தத்துக்கான சில மருந்துகள், எலும்புத் தேய்மானத்துக்கான சில மாத்திரைகள் எரிச்சலை உண்டாக்கலாம் அல்லது கூட்டலாம். நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள். பட்டியலை எழுதி எடுத்துப்போய்க் காட்டுங்கள். எந்த மாத்திரையையும் நிமிர்ந்து உட்கார்ந்து ஒரு டம்ளர் தண்ணீரோடு விழுங்குங்கள், உடனே படுக்காதீர்கள்.

படி 8: எப்போது மருத்துவரிடம் போவது?

மேலே சொன்னதையெல்லாம் செய்து, இரண்டு வாரம் மாத்திரையும் எடுத்து, பிறகும் எரிச்சல் நின்றபாடில்லை என்றால் போங்கள். ஆண்டுக்கணக்கில் எரிச்சல் உள்ளவர்கள், குறைந்திருந்தாலும் ஒருமுறை போய்ப் பார்ப்பது நல்லது. நெடுங்காலம் அமிலம் பட்ட உணவுக்குழாயின் உட்படலம் சிலருக்கு உருமாறிவிடும். பாரெட் உணவுக்குழாய் என்று அதற்குப் பெயர், அவர்களுள் மிகச் சிலருக்கு அது புற்றுநோயாக மாறக்கூடும். வாய் வழியாகக் கேமரா பொருத்திய குழாயை இறக்கிப் பார்க்கும் எண்டோஸ்கோபியில் தெரிந்துவிடும் என்பதால் கண்காணிக்க முடியும்.

எண்டோஸ்கோபியில் ஒன்றுமில்லை என்று வந்தால் உங்கள் எரிச்சல் கற்பனை என்று பொருள் அல்ல. புண்ணே இல்லாமல் எரிபவர்கள் ஏராளம். அப்போது மூக்கு வழியாக ஒரு மெல்லிய குழாயை இறக்கி, 24 மணி நேரம் அமிலம் எப்போதெல்லாம் ஏறுகிறது என்று அளக்கும் பரிசோதனை செய்வார்கள். அந்த நாளிலும் நீங்கள் சாப்பிட்ட நேரம், படுத்த நேரம், எரிந்த நேரம் ஆகியவற்றைக் குறிக்கச் சொல்வார்கள். படி 2இல் எழுதிய நோட்டுப் புத்தகத்தையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.