எடைக் குறைப்பு ஆபரேஷனுக்குப் பிறகு கால்சியம்: அட்டையைத் திருப்பிப் பாருங்கள்

வயிற்றை வெட்டிச் சிறிதாக்கும் ஸ்லீவோ, சிறுகுடலின் முன்பகுதியையும் தவிர்த்து இணைக்கும் பைபாஸோ, எதுவானாலும் டிஸ்சார்ஜ் சீட்டில் கால்சியம் கண்டிப்பாக இருக்கும். முதல் அட்டை தீரும்வரை எல்லாரும் ஒழுங்காகத்தான் போடுகிறார்கள். அப்புறம் தெருமுனை மருந்துக் கடையில் போய் "ஏதாவது ஒரு கால்சியம் குடுங்க" என்று கேட்கிறார்கள் பாருங்கள், கோளாறு அங்கேதான் ஆரம்பம்.

கடைக்காரர் எடுத்து நீட்டுவது பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். மட்டமான மருந்தில்லை, விலையும் குறைவு. ஆனால் அது கரைய வயிற்றில் அமிலம் வேண்டும். வயிற்றையே வெட்டிச் சிறிதாக்கி, போதாததற்குக் காலையில் பான்டோப்ரசோல் போட்டு இருக்கிற அமிலத்தையும் அடக்கி வைத்திருப்பவருக்கு எப்படிக் கரையும்? பைபாஸ் என்றால் கால்சியத்தை நன்றாக உறிஞ்சும் முன்சிறுகுடல் பக்கமே சாப்பாடு போவதில்லை. அதனால்தான் கால்சியம் சிட்ரேட் கேட்டு வாங்கச் சொல்கிறார்கள். அதைச் சாப்பாட்டோடும் போடலாம், வெறும் வயிற்றிலும் போடலாம். கார்பனேட்தான் கிடைத்தது என்றால் சாப்பாட்டோடு மட்டும்.

சரி, சிட்ரேட் வாங்கியாயிற்று. அட்டையில் பெரிதாக 1000 மி.கி. என்று இருக்கிறது, தினம் இரண்டு போட்டால் 2000 ஆச்சே என்று கணக்குப் போடுகிறீர்களா? அது கால்சியமும் சிட்ரேட்டும் சேர்ந்த முழு உப்பின் எடை. அட்டையைத் திருப்பி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பொடி எழுத்தில் 'எலிமென்டல் கால்சியம்', அதாவது அதில் உள்ள சுத்தக் கால்சியம் மட்டும், எவ்வளவு என்று தேடுங்கள். கால்சியம் சிட்ரேட்டில் நூற்றுக்கு 21 பங்குதான் கால்சியம், கார்பனேட்டில் 40. ஆக அந்த இரண்டு மாத்திரையில் உங்களுக்குக் கிடைப்பது சுமார் 420 மி.கி. ஸ்லீவ், பைபாஸ் செய்தவர்களுக்குச் சாப்பாட்டையும் சேர்த்து நாளைக்கு 1200 முதல் 1500 மி.கி. வேண்டும் என்று சொல்வது இந்த எலிமென்டல் கணக்கைத்தான்.

"அதான் கேழ்வரகுக் கஞ்சி குடிக்கிறேனே" என்பவர்களுக்கு: நூறு கிராம் மாவில் சுமார் 350 மி.கி. இருப்பது உண்மைதான், நாலு ஸ்பூனில் வயிறு நிறைந்துவிடுகிற உங்களால் நூறு கிராம் மாவுக் கஞ்சியைக் குடிக்க முடியுமா? வாரம் ஒரு முறை போடும் 60,000 யூனிட்டையும் கால்சியக் கணக்கில் சேர்க்காதீர்கள், அது வைட்டமின் டி. கால்சியத்தை உறிஞ்ச அது அவசியம், ஆனால் அதுவே கால்சியம் ஆகாது.

மறந்துபோகிறது என்று எல்லாவற்றையும் இரவில் மொத்தமாக விழுங்குவதும் வீண்தான். ஒரு வேளைக்கு 500, 600 மி.கி.க்கு மேல் உடம்பு சரியாக எடுத்துக்கொள்ளாது, பிரித்துத்தான் போட வேண்டும். இரும்புச்சத்து மாத்திரைக்கும் இதற்கும் குறைந்தது இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும் (மல்டிவைட்டமினிலும் இரும்பு இருக்கலாம், பாருங்கள்), தைராய்டு மாத்திரைக்கு நாலு மணி நேரம்.

ரத்தத்தில் கால்சியம் நார்மல் என்று ரிப்போர்ட் வந்ததும் மாத்திரையை நிறுத்துகிறவர்களும் உண்டு. ரத்தத்தில் குறைந்தால் உடம்பு சும்மா இருக்காது, பாராதைராய்டு ஹார்மோனைச் சுரந்து எலும்பிலிருந்து எடுத்து நிரப்பிவிடும். ரிப்போர்ட் அழகாக இருக்கும், எலும்பு கரைந்துகொண்டிருக்கும். அதனால் பரிசோதனைக்குப் போகும்போது அந்தப் பாராதைராய்டு ஹார்மோன் (பி.டி.எச்.) அளவும் வைட்டமின் டி அளவும் சேர்த்துப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.