விடை தெரிந்தும் புள்ளி போகும் இடங்கள்

சுவாமி விபுலானந்தர் எந்த மாவட்டத்தில் பிறந்தார்? மட்டக்களப்பிலோ கல்முனையிலோ ஒரு வினாடி வினா மேடையில் இந்தக் கேள்வி விழுந்தால் இரண்டு அணிகள் இரண்டு விடை சொல்லும். இரண்டும் விட்டுக்கொடுக்காது. அவர் 1892 இல் காரைதீவில் பிறந்தார் என்பதில் எவருக்கும் ஐயமில்லை. காரைதீவு இன்று அம்பாறை மாவட்டத்தில் இருக்கிறது. ஆனால் அம்பாறை மாவட்டம் உருவானது 1961 ஏப்ரலில்தான். மட்டக்களப்பு மாவட்டத்தின் தென்பகுதியைப் பிரித்து அதை அமைத்தார்கள். சுவாமிகளோ 1947 இலேயே மறைந்துவிட்டார். அவர் வாழ்ந்த காலம் முழுவதும் காரைதீவு மட்டக்களப்பு மாவட்டத்து ஊர். ஆகவே மட்டக்களப்பு என்று சொன்ன பிள்ளையும் தவறு செய்யவில்லை, அம்பாறை என்று சொன்ன பிள்ளையும் தவறு செய்யவில்லை. தவறு, கேள்வியை எழுதியவருடையது. "அவர் பிறந்த ஊர் இன்று எந்த மாவட்டத்தில் அடங்குகிறது?" என்று கேட்டிருந்தால் வாக்குவாதத்துக்கே இடமில்லை. (அம்பாறை மாவட்டம் பிறந்த மாதத்தை மறக்காமல் இருக்க ஒரு வழி உண்டு: யூரி ககாரின் விண்வெளிக்குப் போனதும் அதே 1961 ஏப்ரலில், 12 ஆம் திகதி.)

பொது அறிவில் நம் பிள்ளைகள் புள்ளி இழப்பது பெரும்பாலும் படிக்காததால் அல்ல. கேள்வியையும் விடையையும் சோடி சோடியாக மனப்பாடம் செய்கிறார்கள். அந்த விடை எந்த நிபந்தனையோடு சரி, எந்த ஆண்டில் சரி என்பதை விட்டுவிடுகிறார்கள். போட்டிப் பரீட்சைக்கு இரவிரவாகப் படிக்கிறவர்களுக்கும், பாடசாலை அணியைப் பழக்குகிற ஆசிரியர்களுக்கும், சனசமூக நிலையத்தில் போட்டி நடத்துகிற இளைஞர்களுக்கும் இதைத்தான் சொல்ல விரும்புகிறேன்.

முதலாவது எது என்று கேட்டால்

மட்டக்களப்புக் கடலில், கரையிலிருந்து சில மைல் தொலைவில், சுமார் 50 மீற்றர் ஆழத்தில் பிரித்தானியக் கடற்படையின் ஹேர்மீஸ் கப்பல் கிடக்கிறது. 1942 ஏப்ரல் 9 ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கின. தாக்குதல் வரப்போகிறது என்று அறிந்து துறைமுகத்தை விட்டு முன்கூட்டியே தெற்கே புறப்பட்டிருந்த ஹேர்மீஸை அவை மட்டக்களப்புக்கு அப்பால் கண்டுபிடித்தன. விமானந்தாங்கிக் கப்பலாக இருந்தும் அன்று அதன் தளத்தில் ஒரு விமானம்கூட இருக்கவில்லை. அது மிகக் குறுகிய நேரத்தில் மூழ்கியது. முந்நூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். உடன் சென்ற அவுஸ்திரேலிய நாசகாரிக் கப்பலான வம்பயரும் அன்றே மூழ்கடிக்கப்பட்டது.

இந்தக் கப்பலைப் பற்றி இரண்டு பிழைகள் ஓயாமல் உலவுகின்றன. திருகோணமலைத் துறைமுகத்தில் மூழ்கியது என்பது ஒன்று. உலகின் முதலாவது விமானந்தாங்கிக் கப்பல் என்பது மற்றது. இரண்டாவதில் பாதி உண்மை இருக்கிறது, அதனால்தான் அது சாகாமல் இருக்கிறது. விமானந்தாங்கியாகவே வடிவமைக்கத் தொடங்கப்பட்ட முதலாவது கப்பல் ஹேர்மீஸ். 1918 இல் கட்டத் தொடங்கினார்கள். வேலை இழுபட்டு 1924 இல்தான் சேவைக்கு வந்தது. அதற்கிடையில் ஜப்பான் பிந்தித் தொடங்கிய ஹோஷோ என்ற கப்பலை 1922 டிசம்பரிலேயே முடித்துவிட்டது. இவை இரண்டுக்கும் முன்பு, பயணிகள் கப்பலாகக் கட்டப்பட்டுக்கொண்டிருந்த ஒன்றை மாற்றியமைத்து, நீளம் முழுவதும் ஓடுதளம் கொண்ட ஆர்கஸ் என்ற கப்பலைப் பிரித்தானியா 1918 இல் சேவைக்குக் கொண்டுவந்திருந்தது. வடிவமைப்பில் முதலாவது ஹேர்மீஸ், அப்படிக் கட்டப்பட்டுச் சேவைக்கு வந்ததில் முதலாவது ஹோஷோ, முழு ஓடுதளத்தோடு வந்ததில் முதலாவது ஆர்கஸ். மூன்றையும் தெரிந்து வைத்திருக்கும் பிள்ளையை எந்தக் கேள்வியும் அசைக்க முடியாது. மூன்றையும் ஒரே விடைக்குள் அமுக்கினால் எந்தப் போட்டியிலும் தடுமாற்றம்தான்.

மட்டக்களப்புக் கோட்டையும் இப்படித்தான். ஒல்லாந்தர் கோட்டை என்று சொல்லிச் சொல்லியே, அவர்கள்தான் கட்டினார்கள் என்று பலர் எழுதிவிடுகிறார்கள். கட்டியவர்கள் போர்த்துக்கேயர், 1628 இல். ஒல்லாந்தர் கைப்பற்றியது 1638 இல். ஆனால் 1638 ஐ ஒல்லாந்தர் இலங்கைக்கு வந்த ஆண்டாக எழுதினால் அதுவும் பிழை; ஒல்லாந்தத் தளபதி ஸ்பில்பேர்கன் 1602 இலேயே மட்டக்களப்பில் வந்து இறங்கிவிட்டார். போர்த்துக்கேயரின் கடைசிக் கோட்டையான யாழ்ப்பாணம் விழுந்தது 1658. வந்த ஆண்டு, முதற்கோட்டை பிடித்த ஆண்டு, முழுக் கரையோரத்தையும் பிடித்து முடித்த ஆண்டு என்று மூன்றையும் தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

இலங்கையின் முதலாவது ஜனாதிபதி வில்லியம் கொபல்லாவ, 1972. முதலாவது நிறைவேற்று அதிகார ஜனாதிபதி ஜே. ஆர். ஜயவர்தன, 1978. உலகின் முதலாவது பெண் பிரதமர் 1960 இல் பதவியேற்ற சிறிமாவோ பண்டாரநாயக்க என்பது நமக்குப் பெருமை. ஆனால் அந்தப் பெருமையை நீட்டி, சந்திரிகாவை உலகின் முதலாவது பெண் ஜனாதிபதி என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆர்ஜென்ரீனாவின் இசபெல் பெரோன் 1974 இலேயே ஜனாதிபதியாக இருந்தார். சந்திரிகா இலங்கையின் முதலாவது பெண் ஜனாதிபதி. விபுலானந்தரை முதலாவது தமிழ்ப் பேராசிரியர் என்று எழுதும்போதும் எந்தப் பல்கலைக்கழகத்தில் என்று சேர்த்து எழுத வேண்டும். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் 1931 இலும் இலங்கைப் பல்கலைக்கழகத்தில் 1943 இலும் என இரண்டு இடத்திலும் அவரே முதல்வர்.

பெரியது, உயர்ந்தது, வெப்பமானது

இலங்கையின் மிகப் பெரிய நீர்த்தேக்கம் எது என்றால் விக்டோரியா என்று பதில் வருகிறது. அம்பாறை மாவட்டத்துப் பிள்ளைகளிடமிருந்தும் வருவதுதான் எனக்கு வருத்தம். விக்டோரியாவின் சிறப்பு அதன் அணைக்கட்டு. 122 மீற்றர், நாட்டிலேயே மிக உயரமானது. ஆனால் கொள்ளளவில் பெரியது இங்கினியாகலையில் பட்டிப்பளை ஆற்றை மறித்துக் கட்டிய சேனநாயக்க சமுத்திரம். சுமார் 950 மில்லியன் கன மீற்றர் நீர் கொள்ளும். சம்மாந்துறை வயலுக்கு வாய்க்கால் வழியே வருகிற தண்ணீர் நாட்டின் மிகப் பெரிய நீர்த்தேக்கத்திலிருந்து வருகிறது என்று ஒரு முறை சொல்லிக் கொடுத்தால் அந்தப் பிள்ளை அதை ஆயுளுக்கும் மறக்காது.

உயரமான மலையைக் கேட்டால் சிவனொளிபாதமலை நாவில் வந்து நிற்கும். புகழ் அதற்குத்தான், உயரம் பிதுருதலாகலைக்கு: 2,524 மீற்றர். சிவனொளிபாதமலை 2,243. உலக அளவில் எவரெஸ்ட் என்ற விடைகூட, கடல் மட்டத்திலிருந்து அளந்தால்தான் சரி. அடியிலிருந்து உச்சி வரை அளந்தால் ஹவாயின் மௌனா கீ 10,000 மீற்றரைத் தாண்டும். அதன் பெரும்பகுதி கடலுக்குள் இருக்கிறது. பூமியின் மையத்திலிருந்து அளந்தால் எக்குவடோரின் சிம்போராசோ உச்சிதான் அதிக தொலைவில் நிற்கிறது, பூமி மத்திய கோட்டருகே சற்றுப் பருத்திருப்பதால்.

மிகப் பெரிய பாலைவனம் சகாரா அல்ல, அந்தாட்டிக்கா. மழையும் பனியும் எவ்வளவு குறைவாக விழுகின்றன என்பதுதான் பாலைவனத்துக்கு அளவுகோல். வெப்பமான பாலைவனங்களில் பெரியது எது என்று கேட்டால் சகாரா. மிக வெப்பமான கோள் சூரியனுக்கு மிக அருகிலிருக்கும் புதன் அல்ல, வெள்ளி. புதனுக்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும் வளிமண்டலம் இல்லை. இரவில் அது உறைந்துபோகிறது. வெள்ளியையோ காபனீரொட்சைட்டு அடர்ந்து மூடியிருப்பதால் அங்கே பகலும் இரவும் சுமார் 460 பாகை செல்சியஸ்.

தலைநகர் விடயத்தில் நீட்டி எழுத ஒன்றுமில்லை. நாட்டின் தலைநகர் ஸ்ரீ ஜயவர்தனபுர கோட்டை, கிழக்கு மாகாணத்தின் தலைநகர் திருகோணமலை. தேசிய விளையாட்டு கிரிக்கெட் அல்ல, கரப்பந்தாட்டம்.

காலாவதியான விடைகள்

கடைகளில் விற்கும் பொது அறிவுக் கையேடுகளில் சில, பழைய பதிப்பை அட்டை மாற்றி அச்சடித்தவை. அதைப் போட்டோ கொப்பி எடுத்து, அந்தக் கொப்பியை இன்னொருவர் கொப்பி எடுத்து, பத்து வருடத்துக்கு முந்திய விடை இன்றைய பரீட்சை மண்டபம் வரை வந்து சேர்கிறது. புளூட்டோ 2006 இல் கோள்களின் பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டது, கோள்கள் எட்டு. அதிக துணைக்கோள்கள் கொண்டது வியாழன் என்பது பழைய விடை. 2025 மார்ச்சில் மட்டும் சனிக்கு 128 புதிய துணைக்கோள்கள் அங்கீகரிக்கப்பட்டு மொத்தம் 274 ஆனது. சனத்தொகையில் இந்தியா 2023 இல் சீனாவை முந்தியது. எவரெஸ்டின் உயரம் 2020 இல் 8,848.86 மீற்றர் என அறிவிக்கப்பட்டது.

ஒலிம்பிக் பதக்கம் எங்கள் வினாத்தாள்களில் அடிக்கடி பிழைக்கும் இடம். சுசந்திகா ஜயசிங்க 2000 ஆம் ஆண்டு சிட்னியில் 200 மீற்றரில் மூன்றாவதாக வந்து வெண்கலம் பெற்றார். முதலாவதாக வந்த மரியன் ஜோன்ஸ் ஊக்கமருந்து பயன்படுத்தியதை ஒப்புக்கொண்டதால் 2007 இல் பதக்கம் பறிக்கப்பட்டது. 2009 இல் சுசந்திகாவின் பதக்கம் வெள்ளியாக உயர்த்தப்பட்டது. 1948 இல் டங்கன் வைட் வென்றதும் வெள்ளி. ஒரு வெள்ளி, ஒரு வெண்கலம் என்று இன்றும் எழுதுகிறவர், ஓர் ஓட்ட வீராங்கனைக்குத் தாமதமாகக் கிடைத்த நீதியை மீண்டும் பறிக்கிறார்.

நமக்கு உயிரோடு தொடர்புடைய ஒன்று

2004 டிசம்பர் 26 பற்றி நம் கரையில் எவருக்கும் திகதி சொல்லித் தரத் தேவையில்லை. இலங்கையில் மிக அதிக உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம், பத்தாயிரத்துக்கும் மேல். அப்படியிருந்தும் சுனாமியைப் பற்றிய இரண்டு தவறான விடைகள் இங்கேயே நிலைத்திருக்கின்றன.

அன்று பௌர்ணமி. அதனால் சந்திரனின் ஈர்ப்புக்கும் அந்த அலைக்கும் தொடர்பு உண்டு என்று எழுதுகிறார்கள். வற்றுப்பெருக்குக்குத்தான் சந்திரன் காரணம். சுனாமிக்குக் காரணம் சுமாத்திராவுக்கு அருகில் கடலடியில் ஏற்பட்ட 9.1 அளவிலான நிலநடுக்கம். காலை ஏழு மணிக்குச் சற்று முன் கடற்படுக்கை அசைந்தது. இரண்டு மணி நேரத்துக்குள் அலை நம் கரையில். ஆழ்கடலில் அது ஜெட் விமானத்தின் வேகத்தில் வரும், கரையை நெருங்கும்போது வேகம் குறைந்து உயரம் கூடும்.

மற்றது இதைவிட ஆபத்தானது: "சுனாமிக்கு முன் கடல் கட்டாயம் உள்வாங்கும்." அப்படி ஒரு கட்டாயம் இல்லை. அந்த நிலநடுக்கத்தில் பிளவின் மேற்குப் பக்கத்துக் கடற்படுக்கை மேலே தூக்கப்பட்டது, கிழக்குப் பக்கம் தாழ்ந்தது. அதனால் கிழக்கே தாய்லாந்தில் கடல் முதலில் பின்வாங்கியது. மேற்கே இருந்த நமக்கு முதலில் வந்ததே உயர்ந்த நீர். பல இடங்களில் அந்த முதல் அலைக்குப் பிறகுதான் கடல் வற்றியது. வற்றிய கடலைப் பார்க்கவும் மற்றவர்களைத் தேடவும் போனவர்களை அடுத்த பெரிய அலை கொண்டுபோனது. ஆகவே கடல் வழக்கத்துக்கு மாறாக ஏறினாலும் இறங்கினாலும் உடனே உள்ளே, மேட்டுக்குப் போக வேண்டும். முதல் அலை போய்விட்டது என்று திரும்பி வரக்கூடாது. எந்த வினாத்தாளிலும் இந்தக் கேள்வி சரியான விடையோடு இருக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

சூறாவளியிலும் இதே போன்ற ஆபத்து உண்டு. 1978 நவம்பர் 23 மட்டக்களப்பைப் புரட்டிய சூறாவளியை மூத்தவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். புயலின் கண் கடக்கும்போது காற்று அடங்கும். முடிந்துவிட்டது என்று வெளியே வந்தால், சற்று நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து அதே வேகத்தில் அடிக்கும்.

கேள்வி எழுதுகிறவர்களுக்கு

மிகப் பெரியது என்று எழுதினால் பரப்பிலா, கொள்ளளவிலா, சனத்தொகையிலா என்று சேர்த்து எழுதுங்கள். எண் வரும் ஒவ்வொரு விடைக்கும் பக்கத்தில் ஆண்டைக் குறியுங்கள். அணிகள் ஆட்சேபித்து இரண்டு விடைக்கும் ஆதாரம் இருப்பது தெரிந்தால், நடுவர் கௌரவம் பார்க்காமல் கேள்வியை நீக்கி வேறொன்று கேட்க வேண்டும்.

இப்போது மிக அவசரமாகத் திருத்த வேண்டியவை சனத்தொகைக் கேள்விகள். 2012 கணக்கெடுப்பில் அதிக சனத்தொகை கொண்ட மாவட்டம் கொழும்பு. 2024 கணக்கெடுப்பில் கம்பஹா முந்திவிட்டது. சென்ற வருடத்து வினாத்தாளை அப்படியே எடுத்துப் பயன்படுத்தும் முன் அதிலுள்ள சனத்தொகை விடைகள் எல்லாவற்றையும் தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களத்தின் புதிய அறிக்கையோடு ஒப்பிட்டுத் திருத்துங்கள்.