சைலன்சர் ஸ்டட்டு உடையாம கழட்டுறது, உடைஞ்சிட்டா வெளிய எடுக்கிறது

பைக்ல சைலன்சரை கழட்டுறப்போ எஞ்சின் ஹெட்டுல இருக்குற அந்த ரெண்டு நட்டுதான் உயிரை எடுக்கும். ஹெட்டு அலுமினியம், ஸ்டட்டு, அதாவது நட்டு ஏறுற அந்த மரை போட்ட கம்பி, இரும்பு, வருஷக்கணக்கா சூடாகி ஆறி, மழைத்தண்ணி பட்டு ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிப்போயிருக்கும், கடல் பக்கம் ஓடுற வண்டின்னா உப்புக்காத்து வேற. அதுல 10 ஸ்பேனரை மாட்டி ஒரே இழுப்பா இழுத்தா 6 எம்எம் ஸ்டட்டு மடக்குன்னு ஒடிஞ்சிரும், பாதி உள்ளயே நின்னுடும்.

அதனால முந்தின நாள் ராத்திரியே ஆரம்பிங்க. ஒயர் பிரஷ்ல மரையை தேய்ச்சி துருவை எடுத்துட்டு பெனட்ரேட்டிங் ஆயில், அதாவது துரு இடுக்குல இறங்குற மெல்லிசான ஆயில், அடிச்சி விட்டுடுங்க, காலைல இன்னொரு தடவை அடிங்க. சாதாரண எஞ்சின் ஆயிலை ஊத்தினா போதாதா, பத்தாதுங்க, கெட்டியா இருக்குற ஆயில் அந்த சின்ன இடுக்குல இறங்கவே இறங்காது. அப்புறம் நட்டு தலையில சுத்தியலால நேரா நாலஞ்சு தட்டு, பலமா வேணாம், துரு விடுற அளவுக்கு போதும்.

ஸ்பேனர் விஷயத்துல தயவுசெஞ்சு ஓப்பன் ஸ்பேனர் வேணாம், அட்ஜஸ்டபிள் வேணவே வேணாம், முனை மழுங்கிடும். ஆறு பட்டை பாக்ஸ் ஸ்பேனர்தான் சரி. கொஞ்சம் அசைஞ்சதும் சந்தோஷத்துல முழுசா திருப்பிடாதீங்க, கால் சுத்து லூஸ், அப்புறம் கொஞ்சம் டைட், ஆயில், மறுபடி லூஸ்னு முன்னயும் பின்னயும் ஆட்டிக்கிட்டே வரணும். கீச்சுன்னு சத்தம் வந்துட்டு இறுக்கம் ஏறுதுன்னா நிறுத்துங்க, ஒடியப்போகுதுன்னு அர்த்தம்.

அதுக்கும் வரலையா, சூடு காட்டணும். இரும்பைவிட அலுமினியம் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு விரியும், அதனால ஸ்டட்டை விட்டுட்டு சுத்தியிருக்குற ஹெட்டை சூடாக்குங்க. ஆனா அதுக்கு முன்னாடி அடிச்ச ஆயிலை நல்லா துடைச்சிட்டு, பெட்ரோல் டேங்கை கழட்டி தூரமா வெச்சிடுங்க, இதுல சோம்பேறித்தனமே கூடாது.

சரி, உடைஞ்சே போச்சு. கொஞ்சம் வெளிய நீட்டிட்டு இருந்தா வைஸ் கிரிப் (கவ்வி லாக் ஆகுற பிளையர்) போட்டு பாருங்க, வரலைன்னா அதுமேல ஒரு நட்டை வெச்சு உள்ள வெல்டிங் நிரப்பி, கொஞ்சம் ஆறவிட்டு ஸ்பேனர்ல திருப்புங்க. எனக்கு புடிச்ச வழி இதுதான், ஏன்னா வெல்டிங் சூட்டுலயே உள்ள புடிப்பு விட்டுடும். வெல்டிங்குக்கு முன்னாடி பேட்டரி ஒயரை கழட்டிடணும்.

மட்டமா ஒடிஞ்சிருந்தா சரியா நடுவுல சென்டர் பஞ்ச்னு சொல்ற கூர் உளியால ஒரு புள்ளி அடிச்சு, அதுல துளை போடணும். கொஞ்சம் நகர்ந்தாலும் ட்ரில் பிட்டு மெத்துன்னு இருக்குற அலுமினியத்துக்குள்ள போயிடும். நிறைய பேர் உடனே எக்ஸ்ட்ராக்டர், அதாவது அந்த துளைக்குள்ள விட்டு எதிர்ப்பக்கமா முறுக்கி ஒடிஞ்சதை எடுக்குற டூல், வாங்கி முறுக்குறாங்க, அது உள்ள ஒடிஞ்சா பெரிய தலைவலி, அவ்ளோ கடினமான ஸ்டீல், சாதாரண ட்ரில் ஏறவே ஏறாது. கைக்கு இறுக்கமா தெரிஞ்சா விட்டுட்டு லேத் பட்டறைக்கு ஹெட்டை எடுத்துட்டு போங்க. மரை போயிட்டா ஹெலிகாயில், அதாவது புது மரையா நிக்கிற கம்பிச்சுருள், போட்டு தருவாங்க.

திரும்ப மாட்டும்போது புது ஸ்டட்டு, புது நட்டு, மரையில கொஞ்சமா காப்பர் ஆன்டி சீஸ் (மரை ஒட்டிப்போகாம இருக்க தடவுற பேஸ்ட்) தடவுங்க. அது வழுக்கும், அதனால எப்பவும் இறுக்குறதைவிட கொஞ்சம் கம்மியாவே இறுக்குங்க.