நான்கு ரெஸ்யூமே, ஒரே பத்தி: முதல் வேலை தேடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எழுத்துப்பிழை இருக்கக் கூடாது, தொலைபேசி எண் சரியாக இருக்க வேண்டும் என்பவற்றை எல்லாரும் சொல்லிவிட்டார்கள், அவற்றை விட்டுவிடுகிறேன். புதிதாகப் பட்டம் பெற்றவர்களின் ரெஸ்யூமேக்களைப் படித்து, நேர்காணலுக்கு யாரை அழைக்கலாம் என்று முடிவு செய்யும் பணியில் பல ஆண்டுகளாக இருக்கிறேன். அந்த வயதில் நான் செய்த அதே தவறுகள் இன்றும் என் மேசைக்கு வந்துகொண்டே இருக்கின்றன.

புராஜெக்ட் பகுதியில் நீங்கள் இல்லை

இறுதியாண்டு புராஜெக்டை நாங்கள் நால்வர் சேர்ந்து செய்தோம். நூலகப் புத்தகங்களை முன்பதிவு செய்வதற்கான மென்பொருள் அது. புராஜெக்ட் அறிக்கையின் முதல் பக்கத்தில் இருந்த சுருக்கத்தை நால்வரும் அப்படியே எடுத்து ரெஸ்யூமேயில் ஒட்டிக்கொண்டு, ஒரே நிறுவனத்துக்கு விண்ணப்பித்தோம். நேர்காணல் அறையில் நான் உட்கார்ந்தபோது நால்வரின் தாள்களும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைக்கப்பட்டிருந்தன; நான்கிலும் அதே பத்திக்குக் கீழே பென்சில் கோடு இருந்தது. "இதில் நீங்கள் செய்தது எது?" என்று கேட்டார்கள். தரவுத்தளத்தை வடிவமைத்தது நான்தான். ஒரே பிரதியை இருவர் ஒரே நேரத்தில் பதிவு செய்துவிடும் சிக்கலோடு இரண்டு வாரம் போராடித் தீர்த்ததும் நான்தான். ஆனால் அந்தத் தாளைப் பார்த்த பிறகு நான் சொன்ன உண்மைகூட, பிடிபட்டவன் சமாளிப்பதாகவே அவர்கள் காதில் விழுந்தது. எங்கள் நால்வரில் எவருக்கும் அந்த வேலை கிடைக்கவில்லை.

இந்தத் தவறைக் காணும்போது எனக்கு இன்னும் எரிச்சல் வருவதற்குக் காரணம், உழைக்காதவர்களைவிட உழைத்தவர்களையே இது அதிகம் பாதிக்கிறது என்பதுதான். புராஜெக்ட் அறிக்கை "உருவாக்கப்பட்டது", "பயன்படுத்தப்பட்டது" என்று செயப்பாட்டுவினையில் எழுதப்படுவது. செய்தவர் யார் என்பது அங்கே தேவையில்லை. ரெஸ்யூமேயைப் படிப்பவருக்கோ அது ஒன்றுதான் தேவை. "நூலக மென்பொருள் உருவாக்கப்பட்டது, ஜாவா பயன்படுத்தப்பட்டது" என்ற வரியில் ஆளே இல்லை. "நால்வர் குழுவில் தரவுத்தளத்தை வடிவமைத்தேன்; ஒரே பிரதி இருவருக்குப் பதிவாகும் பிழையைத் தீர்த்து, இரண்டு கணினிகளில் ஒரே நொடியில் பதிவு செய்து பார்த்து உறுதி செய்தேன்" என்று எழுதியிருந்தால், நேர்காணல் அந்த இடத்திலிருந்தே தொடங்கியிருக்கும்.

கணினித் துறைக்கு மட்டும் இது பொருந்துவதாக எண்ண வேண்டாம். கள ஆய்வு செய்தவராயின், வினாப்பட்டியலை எழுதியது நீங்களா, மக்களைச் சந்தித்து விடைகளைத் திரட்டியது நீங்களா, அட்டவணையில் ஏற்றிச் சரிபார்த்தது நீங்களா என்பதைச் சொல்லுங்கள். உங்கள் பங்கு சிறியதாக இருந்தால் சிறியதாகவே எழுதுங்கள். ஊதிப் பெருக்கிய வரி இரண்டாவது கேள்வியைத் தாங்காது. வேலைவாய்ப்புத் தளமான லேடர்ஸ் 2018இல் வெளியிட்ட கண்நகர்வு ஆய்வில், ரெஸ்யூமேயின் முதல் பார்வைக்குக் கிடைத்த நேரம் சராசரியாக 7.4 வினாடிகள்தான். ஆகவே உங்கள் பங்கைச் சொல்லும் வினைச்சொல் முதல் வரியிலேயே வந்துவிட வேண்டும்.

திறன்களுக்கு நீங்களே போடும் மதிப்பெண்

பட்டை வரைந்து "90 சதவீதம்" என்று எழுதாதீர்கள். எதில் 90 என்று கேட்டால் விடை கிடையாது.

கண்ணுக்கு அழகு, மென்பொருளுக்குக் குழப்பம்

பல நிறுவனங்களில் ரெஸ்யூமேயை முதலில் வாங்கிப் பிரித்து வைப்பது ஏ.டி.எஸ். எனப்படும் மென்பொருள். பக்கத்தை இடம், வலம் என இரண்டு பத்திகளாக (column) பிரித்தால், சில மென்பொருள்கள் இரு பத்திகளின் வரிகளையும் கலந்து படித்துவிடும். படமாகச் செருகிய எழுத்து பல நேரங்களில் பதிவாவதே இல்லை. உங்கள் பி.டி.எஃப். கோப்பில் உள்ள அனைத்தையும் நகலெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். அங்கே வரிசை குலைந்திருந்தால், எளிய ஒற்றைப் பத்தி அமைப்புக்கு மாறிவிடுங்கள்.

குறிக்கோள்

ரெஸ்யூமேயின் தொடக்கத்தில் எழுதும் குறிக்கோள் பகுதியை நீக்கிவிடுங்கள். அந்த மூன்று வரி இடத்தை புராஜெக்டுக்குக் கொடுங்கள்.

எல்லா வேலைக்கும் ஒரே தாள்

முழுவதையும் மாற்றி எழுத வேண்டியதில்லை. விளம்பரத்தில் கேட்டிருக்கும் பணிக்கு நெருக்கமான புராஜெக்டை மேலே கொண்டுவந்தால் போதும். அதற்குப் பத்து நிமிடம்தான் ஆகும்.